ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோயா? உடம்புக்குள் போன ஸ்டெம் செல்லை வெளியிலிருந்து பார்க்க முடியுமா?

வெண்புறா

வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்). கீமோ பாதி முடிந்த நிலையில் பெட்-சிடி எடுத்தார்கள். கழுத்திலும் நெஞ்சுக்குள்ளும் இருந்த கட்டிகள் அடங்கிவிட்டன, டோவில் மதிப்பெண் 2 என்று ரிப்போர்ட் சொல்கிறது. அதுவரை சந்தோஷம்தான். ஆனால் அடுத்த வரியிலேயே எலும்பு மஜ்ஜை முழுவதும் பரவலான அப்டேக் (ஸ்கேனுக்கு ஏற்றிய பொருளை இழுத்துக்கொள்வது), மண்ணீரலிலும் கூடுதல் என்று இருக்கிறது. படத்தைப் பார்த்தால் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, தொடை எலும்பின் மேல்பகுதி எல்லாம் அடர்கறுப்பு. முதல் ஸ்கேனில் இப்படி இல்லை.

டாக்டரைப் பார்க்க இன்னும் சில நாள் ஆகும். அதுவரை தூக்கம் வராது என்பதால் இங்கே கேட்கிறேன். நோய் மஜ்ஜைக்குப் போய்விட்டதா? உடம்பைக் கிழிக்காமலே இவ்வளவு தெரியும் என்றால் ஆரம்பத்தில் எதற்கு நெறிக்கட்டியை வெட்டியெடுத்துச் சோதித்தார்கள்? அப்புறம், நோய் திரும்பினால் ஸ்டெம் செல் (மற்ற செல்களை உருவாக்கும் மூல செல்) மாற்று சிகிச்சை செய்யலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். ரத்தத்தில் ஏற்றும் அந்த செல்கள் சேர வேண்டிய இடத்தில்தான் சேர்ந்தனவா என்று ஸ்கேனில் பார்ப்பார்களா?

ஐசோடோப்

முதலில் ஒரே ஒரு கேள்வி. ஸ்கேனுக்கு முன்னால் தம்பிக்கு வெள்ளணு ஏறுவதற்கென்று தோலுக்கடியில் ஊசி ஏதாவது போட்டார்களா? ஃபில்கிராஸ்டிம், பெக்ஃபில்கிராஸ்டிம் என்ற மாதிரி பெயர் இருக்கும்.

வெண்புறா

ஆமாம் அண்ணா, 'பெக்' என்று தொடங்கும் ஊசி. வெள்ளணு ரொம்ப இறங்கிவிட்டது என்று ஸ்கேனுக்கு முந்தின வாரம் போட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஐசோடோப்

நிறைய உண்டு. நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட், டாக்டர் இல்லை. படத்தைப் பார்க்காமல் உங்கள் தம்பிக்கு இதுதான் என்று யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் இந்தக் காட்சி எங்களுக்கு ரொம்பப் பழக்கமானது.

பெட் ஸ்கேனில் ஏற்றுவது எஃப்.டி.ஜி. என்ற பொருள். குளுக்கோஸ் மூலக்கூறில் ஒரு இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபுளோரின்-18 உட்கார்ந்திருக்கும். செல் அதைச் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுத்து, ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதியால் பாஸ்பேட் ஒன்றை ஒட்டும். அதற்கு மேல் செரிக்க முடியாது, வெளியேற்றவும் முடியாது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஃபுளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் வரும். அது பக்கத்து எலெக்ட்ரானோடு மோதி அழிந்து, எதிரெதிர்த் திசையில் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு காமா ஃபோட்டான்களாகப் பறக்கும். சுற்றி நிற்கும் வளையம் அந்த ஜோடியைப் பிடித்து எந்தக் கோட்டிலிருந்து வந்தது என்று கணக்குப் போடுகிறது. 1976-ல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்திய பொருள் இது. இன்றும் பெரும்பாலான பெட் ஸ்கேன்கள் இதை வைத்துத்தான் நடக்கின்றன.

புற்றுநோய் செல்களில் பல, சர்க்கரையை அளவுக்கு மீறி இழுக்கும். ஆட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்த விஷயம். ஆனால் அவை மட்டுமா இழுக்கின்றன? நீங்கள் சொன்ன ஊசியின் வேலையே மஜ்ஜையில் உள்ள முன்னோடி செல்களை எழுப்பி, 'வேகமாகப் பெருகு, வெள்ளணு செய்' என்று விரட்டுவதுதான். பெருகும் செல்லுக்குச் சர்க்கரை வேண்டும். ஆகவே மஜ்ஜை இருக்கும் எலும்பெல்லாம் ஒரே சீராகக் கறுக்கும் (கறுப்பு-வெள்ளைப் படத்தில் கறுப்பது, வண்ணப் படத்தில் ஒளிர்வது, இரண்டும் ஒன்றுதான்), மண்ணீரலும் கூடவே ஏறும். நீளச் செயல்படும் பெக் வகை என்றால் இந்த விளைவு வாரக்கணக்கில் நீடிக்கலாம்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய சொல் 'பரவலான', 'சீரான' என்பதுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனிப் புள்ளிகள் என்று இருந்தால் விஷயம் வேறு.

கதிர்வாசகர்

ஐசோடோப் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் (நான் கதிரியக்க மருத்துவர்). டோவில் அளவுகோல் 1 முதல் 5 வரை போகும். பழைய நோய் இடத்தில் மீதமிருக்கும் அப்டேக்கை நெஞ்சு ரத்தக்குழாயோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண் அது. 2 என்றால் நெஞ்சு ரத்தக்குழாய் அளவைத் தாண்டவில்லை என்று பொருள். லிம்போமா சிகிச்சையின் பலனை மதிப்பிட 2014-ல் வந்த லுகானோ வகைப்பாட்டில் இந்த மஜ்ஜை, மண்ணீரல் விவகாரத்துக்கென்றே ஒரு குறிப்பு உண்டு. கீமோவாலோ வெள்ளணு ஊசியாலோ அவை கிளர்ந்திருந்தால், அப்டேக் கல்லீரலைவிடக் கூடுதலாக இருந்தாலும், ஆரம்பத்தில் நோய் இருந்த இடங்கள் சுற்றியுள்ள இயல்பான திசுவைவிடக் கூடாமல் இருந்தால் சிகிச்சைக்கு முழு பலன் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் ஊசி போட்ட தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். கீமோ வார்டிலிருந்து அந்தத் தகவல் ஸ்கேன் அறைக்கு வராமல் போவது அடிக்கடி நடக்கிறது. ரிப்போர்ட் எழுதுபவருக்குத் தேதி தெரிந்திருந்தால் அந்த வரியின் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதியிருப்பார், நீங்களும் தூக்கத்தைத் தொலைத்திருக்க மாட்டீர்கள்.

வெண்புறா

இருவருக்கும் ரொம்ப நன்றி. தம்பியிடம் படித்துக் காட்டினேன். 'அப்ப என் ஸ்டெம் செல்தான் படத்துல தெரியுதா?' என்று கேட்கிறான்.

எலிக்கூடம்

தம்பி கேட்டது நல்ல கேள்வி! பதில்: இல்லை. தெரிவது ஒரு கூட்டத்தின் பசி. அந்தக் கூட்டத்தில் உண்மையான ரத்த ஸ்டெம் செல்கள் மிக மிகச் சொற்பம். பெரும்பாலும் அவற்றிலிருந்து பிறந்து வேகமாகப் பெருகும் அடுத்த தலைமுறைகள்தான் சர்க்கரையை இழுக்கின்றன. அசல் ஸ்டெம் செல் பெரும்பாலும் சும்மா படுத்திருக்கும் ஆசாமி.

நான் செல் கண்காணிப்பு ஆய்வில் இருக்கிறேன், பெரும்பாலும் எலிகளில். மூன்றாவது கேள்விக்கு இரவு வந்து எழுதுகிறேன்.

சந்தேகப்பிராணி

// தெரிவது ஒரு கூட்டத்தின் பசி //

இதைத்தான் நான் பல நாளாகச் சொல்லி வருகிறேன். 'புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது கண்டுபிடிப்பது சர்க்கரை தின்னும் எதையும்தானே? அப்படியானால் எந்த நோயும் இல்லாதவர் சும்மா ஒரு 'முழு உடல் பெட்' எடுத்துப் பார்ப்பதில் என்ன பயன்?

கதிர்வாசகர்

பயனைவிடத் தொல்லைதான் அதிகம். காசநோய் முடிச்சு புற்றுநோய் மாதிரியே ஒளிரும். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் லிம்போமா மாதிரி ஆடும். ஆறிக்கொண்டிருக்கும் அறுவைக் காயம், பல் சீழ், அண்மையில் தடுப்பூசி போட்ட கைப்பக்கத்து அக்குள் நிணநீர்க் கணு எல்லாம் ஒளிரும். மூளை எப்போதும் ஒளிரும். சிறுநீர்ப்பை ஒளிரும், ஏனென்றால் எஃப்.டி.ஜி. சிறுநீரில்தான் வெளியேறுகிறது. இதயம் தன் இஷ்டத்துக்கு ஒருநாள் ஒளிரும், ஒருநாள் ஒளிராது.

இன்னொரு பக்கமும் உண்டு. புற்றுநோயாக இருந்தும் ஒளிராதவை. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றி மெதுவாக வளரும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகள், புராஸ்டேட் புற்றில் பெரும்பகுதி, சளி நிறைந்த சில கட்டிகள். கல்லீரலில் தோன்றும் புற்றில் ஒரு வகைக்கு ஒட்டிய பாஸ்பேட்டைப் பிரித்து எஃப்.டி.ஜி.யை வெளியே விட்டுவிடும் நொதி இருக்கிறது, அதனால் அது படத்தில் மங்கிவிடும்.

நெறிக்கட்டியை வெட்டிச் சோதிக்கும் பயாப்ஸி ஏன் என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஹாட்ஜ்கின் என்று பெயர் வைக்க அதன் அடையாளமான ரீட்-ஸ்டெர்ன்பர்க் என்ற பெரிய செல்லை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்து, அதன் மேற்பரப்புப் புரதங்களைச் சாயம் போட்டு உறுதிசெய்ய வேண்டும். எந்த ஸ்கேனும் அதைச் செய்யாது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, எங்கெங்கே இருக்கிறது, மருந்துக்கு மசிகிறதா என்று பார்ப்பதில்தான் ஸ்கேனின் கெட்டிக்காரத்தனம்.

ஐசோடோப்

ஒளிரும் விஷயத்தில் எங்கள் அறையில் தினமும் நடப்பது. ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் நோயாளி அரையிருட்டு அறையில் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, போன் நோண்டக் கூடாது, சூயிங் கம் மெல்லவே கூடாது. ஏதோ கண்டிப்புக்காகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும். மென்றால் தாடைத் தசை ஒளிரும். முந்தின நாள் ஜிம்முக்குப் போய் எடை தூக்கியிருந்தால் தோளும் தொடையும் ஒளிரும். அறை குளிராக இருந்து ஆள் நடுங்கினால் கழுத்தின் இருபக்கமும், தோள்பட்டை எலும்புக்கு மேலும், முதுகெலும்பை ஒட்டியும் இருக்கும், உடம்புச் சூட்டுக்காக எரியும் பழுப்புக் கொழுப்பு அப்படியே பற்றிக்கொள்ளும். லிம்போமா உட்காரும் இடமும் அதே கழுத்துதான், யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஊசி போடுவதற்கு முன்பே கம்பளி போர்த்திவிடுகிறோம். 'எனக்குக் குளிரல சிஸ்டர்' என்பவருக்கும் சேர்த்துத்தான்.

குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் பட்டினி, தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேறு நாள் வரச் சொல்வோம். ரத்தத்திலேயே சர்க்கரை நிறைய இருந்தால் அது எஃப்.டி.ஜி.யோடு போட்டி போடும். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் குடல் முழுக்க ஒளிரும். இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில் கோட்டை விட்டால் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மழைக்காகிதம்

// உடம்பைக் கிழிக்காமலே // என்கிறோம், ஆனால் கதிரியக்கப் பொருளை நரம்பில் ஏற்றுகிறார்களே? அது எத்தனை நாள் உடம்பில் இருக்கும்? வீட்டில் கைக்குழந்தை இருந்தால்?

ஐசோடோப்

ஃபுளோரின்-18-ன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். காலையில் போட்டது இரவுக்குள் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எஃப்.டி.ஜி.யால் மட்டும் கிடைக்கும் கதிர் அளவு சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். கூட எடுக்கும் சிடி எவ்வளவு விரிவானது என்பதைப் பொறுத்து மொத்தம் ஏறும். ஒப்பிட்டுப் பார்க்க: இயற்கையாக மண், வானம், காற்று எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதருக்கு வருடத்துக்கு உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட். அன்று சில மணி நேரம் கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சாமல் இருங்கள், நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழியுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சின்னச் சந்தேகம் இருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், தாய்ப்பால் கொடுப்பவர்களும் அப்படியே.

எலிக்கூடம்

இப்போது மூன்றாவது கேள்வி. கொஞ்சம் நீளும்.

ரத்த ஸ்டெம் செல் மாற்றில், ஏற்றிய செல்கள் போய்ச் சேர்ந்தனவா என்று நடைமுறையில் யாரும் ஸ்கேன் எடுப்பதில்லை. தினமும் ரத்தம் எடுத்து எண்ணுவார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை ஒரு மைக்ரோ லிட்டருக்கு 500-ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் 'பிடித்துக்கொண்டது' என்று அர்த்தம். தன் செல்லையே திருப்பி ஏற்றும்போது அதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரம் முன்னப்பின்ன ஆகும். அந்தக் காத்திருப்பு கொடுமையானது. உள்ளே ஏதாவது நடக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

அந்த இடைவெளியை எட்டிப் பார்க்க ஒரு முயற்சி நடந்தது. எஃப்.எல்.டி. என்று இன்னொரு பெட் பொருள். சர்க்கரைக்குப் பதில் தைமிடின், அதாவது டி.என்.ஏ. கட்டுவதற்கான செங்கல். டி.என்.ஏ. நகலெடுக்கும் செல்தான் அதைப் பிடித்து வைக்கும். மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் அதை வைத்துப் பார்த்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரத்தத்தில் எண்ணிக்கை ஏறுவதற்குப் பல நாள் முன்பே மஜ்ஜையில் வேலை தொடங்கிவிடுவது படத்தில் தெரிந்தது. அங்கேயும் பார்த்தது பெருகும் செயலைத்தான், தனி செல்லை அல்ல. இன்னும் ஆராய்ச்சி மட்டத்தில்தான் இருக்கிறது.

சரி, குறிப்பிட்ட செல்லையே பின்தொடர வேண்டும் என்றால்? ஸ்டெம் செல்லின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு பங்கு. ஸ்கேனுக்கு அதற்கும் பக்கத்து செல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே செலுத்துவதற்கு முன் வெளியிலேயே அடையாளம் ஏற்ற வேண்டும். இதயத்துக்குச் செய்த பரிசோதனை ஒன்றைச் சொல்கிறேன், இந்தத் துறையின் கண்ணைத் திறந்த வேலை. மாரடைப்பு வந்தவர்களின் மஜ்ஜை செல்களை எடுத்து இதய ரத்தக்குழாய் வழியாகத் திருப்பிச் செலுத்தினால் தசை மீளும் என்று அப்போது பெரிய நம்பிக்கை. 2005-ல் ஜெர்மனியின் ஹனோவர் குழு, செலுத்தும் செல்களில் ஒரு பகுதியை எஃப்.டி.ஜி.யில் ஊறவைத்து, செலுத்திய ஒரு மணி நேரத்தில் பெட் எடுத்தது. பிரிக்காத மஜ்ஜை செல்களில் இதயத்தில் நின்றது 1.3 முதல் 2.6 சதவீதம் மட்டும். மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும். சி.டி.34 என்ற அடையாளம் உள்ளவற்றைத் தனியாகப் பிரித்துச் செலுத்தியபோது 14 முதல் 39 சதவீதம் நின்றது.

சிகிச்சை பலித்ததா இல்லையா என்று வருடக்கணக்கில் வாதம் செய்துகொண்டிருந்த இடத்தில், 'ஐயா, செல் போய்ச் சேரவே இல்லை' என்று ஒரு படம் வந்து சொன்னது. இந்தத் துறையில் எனக்கு ஈடுபாடு வந்ததே அதைப் படித்த பிறகுதான்.

சந்தேகப்பிராணி

110 நிமிட அரை ஆயுள் என்றால் மறுநாள் என்ன ஆனது என்று தெரியாதே?

எலிக்கூடம்

தெரியாது. நீண்ட நாள் பார்க்க இண்டியம்-111 (அரை ஆயுள் 2.8 நாள்), சிர்கோனியம்-89 (சுமார் 3.3 நாள்) என்று வேறு கதிரியக்க அடையாளங்கள் இருக்கின்றன. வாரக்கணக்கில் பார்க்க எம்.ஆர்.ஐ.யும் இரும்பும். செல்லை நானோ அளவு இரும்பு ஆக்சைடு துகள்களோடு வளர்த்தால் விழுங்கிக்கொள்ளும். எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் கரும்புள்ளியாகத் தெரியும், கதிர்வீச்சு கிடையாது.

நெதர்லாந்தின் நைமேகனில் 2005-ல் மெலனோமா என்ற தோல் புற்று நோயாளிகளுக்கு இப்படிச் செய்தார்கள். ஸ்டெம் செல் அல்ல, தடுப்பூசி மாதிரி பயன்படும் டெண்ட்ரிட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, தேர்ந்த கைகளால் நிணநீர்க் கணுவுக்குள் ஊசி. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் 8 பேரில் 4 பேருக்கு மட்டும்தான் செல் கணுவுக்குள் இருந்தது! மற்றவர்களுக்குப் பக்கத்துக் கொழுப்பில். அந்த ஸ்கேன் இல்லாவிட்டால் 'இந்தத் தடுப்பூசி பாதிப் பேருக்கு வேலை செய்யவில்லை' என்று மருந்தின் மேல் பழி போயிருக்கும்.

முழங்கால்வலி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு மூட்டுத் தேய்மானம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முழங்காலில் போடுவதாக ஒரு இடத்தில் சொல்கிறார்கள். ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து 'உங்கள் ஸ்டெம் செல் குருத்தெலும்பாக மாறியிருப்பதைக் காட்டுவோம்' என்றார்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் அது முடியாதது மாதிரி இருக்கிறதே?

எலிக்கூடம்

செல்லுக்கு ஏதாவது அடையாளம் ஏற்றுகிறார்களா என்று கேளுங்கள். அநேகமாக இல்லை என்பார்கள். ஏற்றாத செல்லை எந்த எம்.ஆர்.ஐ.யாலும் அடையாளம் காண முடியாது. குருத்தெலும்பின் தடிமனை அளக்கலாம், அதன் தரத்தைக்கூட ஓரளவு அளக்கலாம். அது கூடியிருந்தாலும் செலுத்திய செல்தான் அப்படி ஆனது என்று காட்ட அந்தப் படத்தில் எதுவுமே இருக்காது.

கதிர்வாசகர்

முழங்கால்வலி ஐயா, இன்னும் ஒன்று. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஒரே மெஷினில், ஒரே அமைப்பில் இருக்கிறதா, படிப்பவர் சிகிச்சை கொடுத்தவருக்குச் சம்பந்தமில்லாதவரா என்றும் கேளுங்கள். கோணம் கொஞ்சம் மாறினாலே குருத்தெலும்பு தடித்த மாதிரி காட்டலாம். முக்கியமாக, அது பதிவு செய்யப்பட்ட, நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வா என்று கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே உங்களிடம் கட்டணம் வாங்கினால் யோசிக்க வேண்டும்.

முழங்கால்வலி

புரிந்தது. எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். நன்றி.

சந்தேகப்பிராணி

இரும்புக்கு வருவோம். செல் செத்துப்போனால் இரும்பு எங்கே போகும்?

எலிக்கூடம்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். செத்த செல்லை மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் விழுங்கும், கூடவே இரும்பையும். கரும்புள்ளி அப்படியே அதே இடத்தில் இருக்கும். வண்டி நொறுங்கிக் காயலான் கடைக்குப் போன பிறகும் ரோட்டில் கிடக்கும் நம்பர் பிளேட் மாதிரிதான். எம்.ஆர்.ஐ. பிளேட்டைப் படிக்கிறது, வண்டி ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. எலி இதயங்களில் செலுத்திய செல்கள் செத்து வாரங்கள் கழித்தும் 'அதோ இருக்கிறது' என்று படம் காட்டிய அனுபவம் பல ஆய்வகங்களுக்கு உண்டு. செல் உயிரோடு இருந்து பெருகினாலோ வேறு சிக்கல்: ஒவ்வொரு பிரிவிலும் இரும்பு பாதியாகும், கடைசியில் ஆள் இருப்பார், அடையாளம் இருக்காது. பழைய ரத்தக்கசிவும் கறுப்பாகவே தெரியும் என்பது தனித் தலைவலி.

மாற்று வழிகள் வருகின்றன. ஃபுளோரின்-19 எம்.ஆர்.ஐ. நம் மென்திசுவில் இயற்கையாக ஃபுளோரின் சமிக்ஞை கிடையாது என்பதால், அடையாளம் ஏற்றிய செல் மட்டும் தெரியும். 2014-ல் பெருங்குடல் புற்று நோயாளிகளிடம் முதல் முயற்சி வந்தது. ஆனால் தெரிய வேண்டுமென்றால் நிறைய செல் வேண்டும். காந்தத் துகள் படமாக்கல் என்று இன்னொன்று, 2005-ல் ஹாம்பர்க்கின் பிலிப்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்தது. இரும்பை நேரடியாக, கரும்புள்ளி குழப்பமின்றி எண்ணும். ஆள் உயரத்துக்கு அந்தக் கருவியைப் பெரிதாக்குவதுதான் பிரச்சினை.

உயிரோடு இருக்கும் செல் மட்டுமே தெரிய வேண்டும் என்றால் ஒரே வழி ரிப்போர்ட்டர் ஜீன். செல்லின் டி.என்.ஏ.விலேயே ஒரு மரபணுவைச் செருகிவிடுவது. எலிகளில் மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ். மருந்து கொடுத்தால் செல் இருக்கும் இடம் இருட்டில் ஒளிவிடும், செத்தால் அணைந்துவிடும். அந்த ஒளி சில சென்டிமீட்டர் திசுவைத் தாண்டாது என்பதால் மனிதருக்கு உதவாது. மனிதருக்கு ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணு. அதை வைத்திருக்கும் செல் மட்டும் ஒரு குறிப்பிட்ட பெட் பொருளைப் பிடித்து வைக்கும். 2009-ல் மூளைக் கட்டி நோயாளி ஒருவரின் டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) இப்படிப் பார்த்தார்கள். செல் பிரிந்தால் மரபணுவும் பிரியும், அடையாளம் நீர்த்துப்போகாது.

சந்தேகப்பிராணி

கொஞ்சம் நில்லுங்கள். ஸ்டெம் செல்லைப் பற்றி இருக்கும் பயமே அது கட்டியாகிவிடுமோ என்பதுதான். அதைக் கண்காணிக்க அதன் டி.என்.ஏ.வில் வைரஸ் மரபணுவைச் செருகுவதா? காவலுக்கு வந்தவனே கன்னம் வைத்த கதை.

எலிக்கூடம்

பயம் நியாயமானதுதான். 2000-களின் தொடக்கத்தில் பிரான்சில் நோயெதிர்ப்பே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சை செய்தபோது, செருகிய மரபணு தவறான இடத்தில் உட்கார்ந்து சிலருக்கு லுகேமியா வந்தது. அதனால் இப்போது வைரஸ் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரட்டும் என்று விடுவதில்லை. வெட்டி ஒட்டும் நுட்பத்தால், தொந்தரவில்லாதது என்று கருதப்படும் குறிப்பிட்ட இடத்தில் வைக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தூண்டப்பட்ட ஸ்டெம் செல்லிலிருந்து (சாதாரண செல்லையே ஸ்டெம் செல்லாகத் திருப்புவது, யமனாகா 2006-ல் உருவாக்கியது) சிகிச்சைக்கு செல் தயாரிக்கும்போது, உருமாறாத சில செல்கள் தப்பிக் கலந்துவிட்டால் டெரட்டோமா என்ற பல வகைத் திசு கலந்த கட்டி வரலாம். ரிப்போர்ட்டர் ஜீன் இருந்தால், செல் எண்ணிக்கை அளவுக்கு மீறி ஏறுவது சீக்கிரமே படத்தில் தெரியும். தைமிடின் கைனேஸில் ஒரு கூடுதல் வசதி: கேன்சிக்ளோவிர் மருந்து கொடுத்தால் அந்த மரபணு உள்ள செல்கள் செத்துவிடும். பார்ப்பதற்கு வைத்த மரபணுவே தேவைப்பட்டால் அழிப்பதற்கும் உதவும்.

சந்தேகப்பிராணி

எலியில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வைரஸ் புரதம் என்றால் நம் நோயெதிர்ப்பு மண்டலம் சும்மா விடுமா?

எலிக்கூடம்

விடாது, அந்த செல்லையே தேடி அழித்துவிடலாம். அதனால்தான் மனிதருக்குச் சொந்தமான மரபணுக்களை நோக்கிப் போகிறார்கள், தைராய்டு அயோடினை இழுக்கப் பயன்படுத்தும் கடத்தியை மாதிரி. அதிலும் தைராய்டும் வயிறும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இயல்பாகவே ஒளிரும். மற்ற இடத்தில்தான் உதவும். நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்று தெரியும் :)

சந்தேகப்பிராணி

ஏற்கவில்லை. ஆனால் படித்தேன்.

மழைக்காகிதம்

புற்றுநோய்க்கே ஸ்டெம் செல் இருக்கிறது, அதுதான் நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது என்கிறார்களே. ஸ்கேன் சுத்தம் என்றால் அதுவும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கதிர்வாசகர்

கூடாது. ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 10 கோடி முதல் 100 கோடி செல் வரை இருக்கும். பெட் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை. அந்த அளவுள்ள சின்ன உருண்டையிலேயே லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் செல்கள் இருக்கலாம், அதிலும் நல்ல பசியோடு இருந்தால்தான் படத்தில் வரும். ஜான் டிக் என்ற ஆய்வாளரின் குழு 1994-ல் லுகேமியாவில் (ரத்தப் புற்று) காட்டிய புற்று ஸ்டெம் செல்கள் மிகச் சிறுபான்மை, பல நேரம் மெதுவாகப் பிரிபவை. அதாவது எஃப்.டி.ஜி. கண்ணில் படாமல் இருக்கத் தேவையான எல்லாத் தகுதியும் உள்ளவை. சி.டி.133 என்ற அடையாளத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் தாமிரம்-64 கட்டி எலிகளில் பெட் எடுத்திருக்கிறார்கள், மனிதரில் வழக்கத்துக்கு வரவில்லை. எல்லாப் புற்றுக்கும் இந்த ஸ்டெம் செல் கதை பொருந்துமா என்பதிலேயே இன்னும் வழக்கு ஓடுகிறது.

ஆனாலும் ஹாட்ஜ்கினில் பெட் சுத்தம் என்பது மிக நல்ல செய்தி. மிச்ச செல்லை எண்ணிப் பார்த்துச் சொல்வதால் அல்ல, அப்படிச் சுத்தமானவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் நன்றாக இருக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததால்.

ஐசோடோப்

சர்க்கரையை நம்பியே இருக்க வேண்டிய காலமும் மாறுகிறது. புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.எம்.ஏ. என்ற மேற்பரப்புப் புரதத்தைத் தேடிப் போகும் பொருள், நியூரோ எண்டோகிரைனுக்கு சொமாட்டோஸ்டேட்டின் ஏற்பியைத் தேடும் டோட்டாடேட். இப்படித் தேடிப் போகும் பொருளில், படத்துக்காகக் கட்டும் காலியம் என்ற கதிரியக்கத் தனிமத்துக்குப் பதில் லுட்டீஷியம்-177-ஐக் கட்டினால் சிகிச்சையாகிவிடும். எங்கே ஒட்டுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அங்கேயே அடிப்பது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2018-ல் முதல் மனிதப் படங்களைக் காட்டிய முழு உடல் பெட் 194 சென்டிமீட்டர் நீளம். தலை முதல் கால் வரை ஒரே நேரத்தில், குறைந்த மருந்தில் எடுக்கலாம். சொற்ப எண்ணிக்கையில் உள்ள செல்களைப் பின்தொடர இது உதவும் என்று எலிக்கூடம் மாதிரி ஆட்கள் கண் வைத்திருக்கிறார்கள்.

எலிக்கூடம்

கண் மட்டும்தான் வைக்க முடிகிறது.

வெண்புறா

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கீமோ முழுவதும் முடிந்த பிறகு எடுக்கும் ஸ்கேனுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? முடிந்த உடனே எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

ஐசோடோப்

அவசரப்பட்டால் இதே மஜ்ஜைக் கதை மறுபடி வரும். கடைசி கீமோவிலிருந்து குறைந்தது 3 வாரம், முடிந்தால் 6 முதல் 8 வாரம். கதிர்வீச்சு சிகிச்சையும் கொடுத்தால் அது முடிந்து 3 மாதம். முதல் ஸ்கேன் எடுத்த அதே மெஷினில் எடுக்க முடிந்தால் ரொம்ப நல்லது.

கதிர்வாசகர்

தம்பி இளைஞர் என்பதால் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கீமோவில் சுருங்கிய தைமஸ் சுரப்பி, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப வளரும். மார்பெலும்புக்குப் பின்னால், தலைகீழ் 'வி' வடிவத்தில், மிதமான அப்டேக்கோடு தெரியும். கட்டி முன்பு இருந்த அதே நெஞ்சுப் பகுதி என்பதால் ரிப்போர்ட்டில் பார்த்ததும் வயிறு கலங்கும். வடிவமும் இரண்டு பக்கச் சமச்சீரும் வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ.யில் அதற்குள் கொழுப்பு கலந்திருக்கிறதா என்று பார்ப்போம், தைமஸில் கலந்திருக்கும், லிம்போமாவில் இருக்காது. பழைய படங்களின் தகட்டையும் வெள்ளணு ஊசி போட்ட தேதிகளையும் ஒரே கவரில் வைத்திருங்கள், அன்றைக்குப் படிக்கப்போவது யாரென்று சொல்ல முடியாது.